சோம்பேறி இல்லீங்க, ஊர்லயே இல்ல

அந்த நடவு வீடியோவை இனிமே யாரும் எனக்கு அனுப்பாதீங்க. நாலு தடவை பார்த்துட்டேன். மேற்கு வங்காளத்துப் பசங்க நூல் பிடிச்ச மாதிரி நடுறாங்க, பின்னாடி ஒரு குரல்: "நம்மாளுங்க 100 நாள் வேலையில மரத்தடியில படுத்துக் கெடக்கானுங்க." கீழ சிரிப்பு பொம்மை போட்டவங்கள்ல என் நட்பு வட்டத்துல 11 பேர். எண்ணுனேன்.

எங்காளுங்க சோம்பேறி இல்லீங்க. ஊர்ல இல்ல. அவ்வளவுதான்.

மன்னார்குடிப் பக்கம் எங்க ஊரு. அம்மா முப்பது வருஷம் நடவாளு. ஐப்பசி அடைமழையில விரல் இடுக்கெல்லாம் சேத்துப்புண்ணு. மருதாணியை அரைச்சு அப்பிக்கிட்டு, காலை மட்டும் பாய்க்கு வெளிய நீட்டிப் படுத்துருக்கும். 2012ல மேட்டூர் அணையைத் திறக்குற நாளான ஜூன் 12 வந்துச்சு, தண்ணி வரல. குறுவை போச்சு. அண்ணன் திருப்பூர் பஸ் ஏறிருச்சு. இவ்வளவு துணிதான் அனுப்பலாம்னு வெளிநாட்டுக்காரன் வச்சிருந்த ஏற்றுமதிக் கோட்டா 2005ல போனதுக்கப்புறம் கம்பெனிக்காரங்க ஆளுக்கு அலைஞ்ச ஊரு அது. அமெரிக்காக்காரன் டீசர்ட் வாங்குனா இங்க ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமை கையில காசு. வயல்ல? நடவு, களை. அறுப்பை மிஷின் எடுத்துக்கிட்டு எவ்வளவு காலமாச்சு!

"அப்ப வங்காளத்தான் மட்டும் எப்படி வர்றான்?" அவனும் ஊரை விட்டு வந்தவன்தாங்க. கூட்டமா வந்து, ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசி, மோட்டார் கொட்டகையில சோறாக்கித் தின்னுட்டு அடுத்த ஊருக்குப் போறான். அவன் மேல எனக்குக் கோவமே இல்ல. அவன் ஊர்லயும் எவனாச்சும் இப்படி ஒரு வீடியோ போட்டுருப்பான்.

"குடிக்கிறது பொய்யா?" பொய்யில்ல. எல்லாத் தெருவுலயுந்தான் குடிக்கிறாங்க. அடுத்த கேள்வி.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை இருக்கிறது கலிபோர்னியாவுல. அவரும் டாலரைத் தேடித்தான் போனாரு. அவர் போனா ஊருக்குப் பெருமை, கும்பாபிஷேகத்துல மைக்ல பேரு. எங்கண்ணன் போனா நாடு கெட்டுப்போச்சு! கூலியைக் கூட்டிக் கேட்டதுக்கு 1968ல கீழவெண்மணியில 44 பேரைக் குடிசைக்குள்ள வச்சு எரிச்ச மண்ணுங்க இது. இங்கேர்ந்து கெளம்பிப் போனவனுக்குச் சோம்பேறின்னு பேரா?

எரியுது. விடுங்க.

2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம நாட்டுச் சரக்கு மேல வரியை 50 சதவீதம் ஆக்குனப்ப அண்ணன் கம்பெனியில ஷிப்ட் கொறைஞ்சுச்சு. "வந்துருண்ணே, நடவுக்கு ஆள் தேடுறாங்க"ன்னேன்.

"நாத்து முடியைத் தொட்டே பதிமூணு வருஷமாச்சுடா. நான் நட்டா வரிசை கோணும், அதையும் வீடியோ எடுத்துப் போடுவாங்க"ன்னு சிரிக்குது.