நிமிந்து உக்காருன்னு இனி யாரும் சொல்லிறாதீங்க

யாரப் பாத்தாலும் "ஏன் புள்ள இப்பிடிக் கூன் போட்டுகிட்டு இருக்க, நிமிந்து உக்காரு"ன்னு சொல்றாங்களே, நான் என்னமோ ஆசப்பட்டுக் கூனுற மாதிரி! இலங்கை மலையகத்துல, ஹட்டன் டவுன்ல ஒரு கடையில பில் போடுற வேல எனக்கு, காலையில எட்டரைக்கு ஒக்காந்தா பொழுது சாயுற வரைக்கும் சாய்மானமே இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூல்தான், கம்பியூட்டர் ஸ்கிரீன் நெஞ்சு மட்டத்துல கெடக்கு, அடியில ரெண்டு அட்டப்பெட்டி வச்சு ஒசத்தித் தாங்கன்னு கேட்டா மொதலாளி "அப்பறம் கஸ்டமருக்கு உன் மொகமே தெரியாது"ங்குறார். தலைங்குறது அஞ்சு கிலோ கிட்ட பாரம்ங்க, அது முன்னால சாயச் சாய பின்கழுத்துச் சததான் இழுத்துப் புடிக்கணும். எங்கேர்ந்து நிமிர்றது?

சரின்னு போன மாசம் மசாஜ் போனேன். ஒரு மணித்தியாலத்துக்கு 5500 ரூவா. அன்னைக்கு ராத்திரி சொர்க்கம்தான், பொய் சொல்லல. மூணாவது நாள் அதே ஸ்டூல், அதே நோவு. பிறகு கிளினிக்குல பிசியோ மிஸ்தான் வெளக்கமா சொன்னாங்க, உருவி விட்டா இறுகின சத கொஞ்சம் எளகும் அவ்வளவுதான், நிமிந்து நிக்கிற பலம் எண்ணெயில வராது, தோள்பட்ட ரெண்டையும் பின்னால சேத்து இறுக்கிப் புடிச்சு விடு, ரெட்ட நாடி விழுற மாதிரி நாடிய, அதான் மோவாய, உள்ள இழு, அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா எந்திரிச்சு நடன்னு. இத 5500 வாங்குனவங்க சொல்லுவாங்களா!

அந்தக் காசத்தான் நெனச்சா வயிறு எரியுது. எங்கம்மா தேயிலத் தோட்டத்துல கொழுந்து பறிக்கிறவங்க. 2024ல கூட்டுன நாட்சம்பளம் 1350 ரூவா, அந்தக் கணக்குல பாத்தா அம்மாவுக்கு அது நாலு நாள் பேருக்கு மேல (பேருன்னா ஒரு நாள் வேலைக்குப் பதியுற சம்பளம்), அதுவும் பறிச்ச கொழுந்து கிலோ கொறஞ்சா அரைப் பேருதான். முப்பது வருசமா கொழுந்துக் கூடைக் கயித்த உச்சந்தலையில மாட்டி மாட்டி, கயிறு பதியுற எடத்துல மட்டும் முடி கொட்டி கோடு போட்ட மாதிரி இருக்கு. கூடை பின்னால இழுக்குது, கழுத்து முன்னால நீட்டி எதுத்துப் புடிக்குது, இதுல டிஸ்பென்சரியில போய் நோவுன்னு சொன்னா "பாரம் தூக்காதீங்க"ன்னு மாத்திரையக் குடுத்து அனுப்புறாங்க. தூக்காம? கொழுந்த தோட்டத்துத் தொரையா வந்து தூக்குவாரு?

இதுல கூத்து என்னன்னா, ராவுல நல்லெண்ணெயில பூண்டு தட்டிப் போட்டுக் காச்சி எனக்குத் தேச்சு விடுறதே அம்மாதான். கொழுந்துக் கறையில வெரல் வெடிச்சு கறுத்துக் கெடக்கு, அந்த வெடிப்பு என் தோல்ல கீறுது, "எலும்பு மேல அமுக்காதீங்கம்மா, பக்கத்துச் சதையில மட்டும்"னு நான் பெரிய டாக்டர் மாதிரி சொல்லிகிட்டு இருக்கேன். அவங்களுக்கு கை மரத்துப் போகுதாம், அது எண்ணெ தேச்சு சரி பண்ற விசயம் இல்ல, கட்டாயம் காட்டணும், ஆனா ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னைக்குப் பேரு போயிருமேன்னு ஒரே பிடிவாதம்.

நேத்து தம்பியோட டென்னிஸ் பந்த எடுத்து செவத்துக்கும் முதுகுக்கும் நடுவுல வச்சு, சாஞ்சு மெதுவா உருட்டுங்கம்மான்னு காட்டிக் குடுத்தேன். ரெண்டு உருட்டு உருட்டல, வரிசையா ஒட்டிக் கட்டுன லயத்து வீட்டுச் செவருதானே, அந்தப் பக்கத்துக் காம்பராவுலேர்ந்து மாமி கத்துறாங்க, "யாருடி அது, செவத்த இடிக்கிறது!"