ஈரத்துணி எல்லா வெயிலுக்கும் பொருந்தாது

கோடையில் வீட்டைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்வது பற்றிய உங்கள் கட்டுரையில், அறை குளிர ஜன்னலில் ஈரத்துணி தொங்கவிடச் சொல்லியிருக்கிறீர்கள். நல்ல வழிதான், ஆனால் காற்று வறண்டிருந்தால் மட்டும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதால்தான் குளிர்ச்சி கிடைக்கிறது. புழுக்கமான நாளில் துணி லேசில் காயாது, குளிர்ச்சியும் கிடைக்காது. அறையில் ஈரப்பதம் ஏறி, உடம்பு வியர்வையும் ஆறாமல் அவதி கூடும். அன்றைக்குத் துணியை எடுத்துவிட்டு, காற்று ஓட வழி விடுங்கள்.

மின்விசிறியும் காற்றைக் குளிர்விப்பதில்லை, வியர்வையைத்தான் ஆற்றுகிறது. வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் விசிறிக் காற்றே உடம்பைச் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். அவர்களுக்கு வியர்ப்பதும் குறைவு, தாகம் தெரிவதும் குறைவு. கேட்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் கொடுங்கள். கை, கழுத்தை அடிக்கடி நனைத்துவிடுங்கள்.

கட்டுரையில் விடுபட்ட ஒன்று: உள்ளே திரைச்சீலை போடுவதைவிட ஜன்னலுக்கு வெளியே தட்டி கட்டுவது எவ்வளவோ மேல். கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெயில் திரையில் பட்டு, வெப்பமாக அறைக்குள்ளேயே தங்கிவிடும். அறையைவிட வெளியே சூடு அதிகமாக இருக்கும்வரை ஜன்னலைச் சாத்தி வையுங்கள். இரவில் வெளிக்காற்று குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

உடம்பு கொதித்து, பேச்சும் குழறினால் கைவைத்தியம் வேண்டாம். உடம்பை நனைத்துக்கொண்டே உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.