அந்த 137 பேரு யாரு?

"காசு வாங்கிட்டு ஓட்டு போடுற ஜனம் திருந்தவே திருந்தாது"ன்னு ஒவ்வொரு தேர்தலுக்கும் என் டைம்லைன்ல பத்து பேராவது எழுதுறீங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பேசிட்டு இருந்தேன். எங்க அத்தைக்கு நடந்தத பாத்த அப்புறம் அப்படி பேச வாய் வரல.

அத்தைக்கு அறுபது தாண்டிருச்சு. மாமா இல்ல. நூறு நாள் வேலைக்குப் போறாங்க, ரெண்டு ஆடு வச்சிருக்காங்க. மதுரைப் பக்கம் ஊரு, பேரு வேணாம். 2021 சட்டமன்றத் தேர்தல், ஓட்டுப்பதிவுக்கு ரெண்டு நாள் முன்னாடி ராத்திரி பத்து மணி இருக்கும், நானும் அன்னைக்கு அங்கதான் இருந்தேன். ரெண்டு பேரு வந்தாங்க, ஒருத்தன் கையில வோட்டர் லிஸ்ட், செல்போன் லைட்ட அடிச்சு பேரு பேரா பாத்து பேனாவுல டிக் போட்டுக்கிட்டே வர்றான், இன்னொருத்தன்கிட்ட மஞ்சப்பை. வெளியாளு இல்ல, அத்தைக்கு ஒண்ணுவிட்ட தம்பி மகன்தான். "அத்தை, உங்க வீட்டுல மூணு ஓட்டு"ன்னு கவர நீட்டுறான். அத்தை திண்ணையில இருந்து எந்திரிக்காமலே, "வேணாம்ப்பா, நான் போடுறவங்களுக்குப் போட்டுக்கிறேன், நீ வச்சுக்க"ன்னாங்க. அவன் கோவப்படல, சண்டை போடல. "சரித்தை"ன்னு சொல்லிட்டு லிஸ்ட்ல அந்த மூணு பேருக்கு நேரா டிக்குக்குப் பதிலா ஒரு சுழி போட்டான். போயிட்டான்.

அந்த சுழிதான் எல்லாத்தையும் பண்ணுச்சு.

மறுநாள் குழாயடியிலயே ஆரம்பிச்சிருச்சு. "அவங்க அந்தப் பக்கம்ல". அத்தை எந்தப் பக்கமும் இல்ல, காசு வேணாம்னாங்க, அவ்ளோதான். ஆனா தெருவே வாங்குன எடத்துல ஒரு வீடு மட்டும் வாங்கலன்னா அது நேர்மையா தெரியாது, எதிர்ப்பாத்தான் தெரியும். ரிசல்ட் வந்த கொஞ்ச நாள்ல பூத் வாரியா கணக்கு எடுத்துட்டு வந்தாங்க. எங்க பூத்துல எதிர்க்கட்சிக்கு 137 ஓட்டு. டீக்கடையில அந்த பேப்பர விரிச்சு வச்சுக்கிட்டு, "நம்ம ஆளுக எண்ணூறு பேருல இந்த 137 பேரு யாருடா"ன்னு பேசுனத என் காதால கேட்டேன். லிஸ்ட்ல சுழி போட்ட வீடு எல்லாத்தையும் கூட்டிப் பாக்குறாங்க. வாங்கிட்டு மாத்திப் போட்டவன் தப்பிச்சிட்டான், வாங்காதவங்க மாட்டிக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் யாரும் அத்தைய மிரட்டலைங்க. அடிக்கல, திட்டல. வேலைக்குப் பேரு எழுதுற எடத்துல "அடுத்த வாரம் பாக்கலாம்"னாங்க, அடுத்த வாரமும் அதையேதான் சொன்னாங்க. இதெல்லாம்கூட அவங்க தாங்கிக்கிட்டாங்க. ஆனா அந்த வருசம் முளைப்பாரிக்கு வீடு வீடா கோயில் வரி வாங்கிட்டு வந்தவங்க அத்தை வீட்ட தாண்டிப் போயிட்டாங்க. வரி வாங்கலன்னா என்ன அர்த்தம்னு ஊருல பொறந்தவங்களுக்குத் தெரியும், ஊர விட்டு தள்ளி வச்சதுக்கு அடுத்த படி அது. அத்தை காச எடுத்துக்கிட்டு தானா போயி, கோயில் வாசல்ல நின்னு, "என் வரிய வாங்கிக்கங்கப்பா"ன்னு கேட்டு குடுத்துட்டு வந்தாங்க. கட்சிக்காரன் காச வேணாம்னு சொன்ன பொம்பள, சாமிக்குக் குடுக்குற காச வாங்கிக்கச் சொல்லி கெஞ்ச வேண்டியதாப் போச்சு. எனக்கு இன்னும் ஆறல.

அப்புறம் 2024 மக்களவைத் தேர்தல்ல என்ன பண்ணாங்க? ரெண்டு கட்சிகிட்டயும் வாங்கிட்டாங்க. சூடத்துல அடிச்சு சத்தியம் பண்ணச் சொன்னானாம், பண்ணிட்டாங்களாம். நான் போன்ல, "ஏன் அத்தை, ஓட்டு ரகசியம்தான, யாருக்குப் போட்டோம்னு எவனுக்கும் தெரியாதே"ன்னேன். "நீ சொல்ற ரகசியம்லாம் டவுன்லதாய்யா இருக்கும்"னாங்க.

நான் யோசிச்சுப் பாத்தா அத்தை சொன்னதுல பாதிக்கு மேல உண்மை. காகிதச் சீட்டு இருந்த காலத்துல பல பூத்து சீட்டுகள ஒண்ணா கலந்து எண்ண வழி இருந்துச்சு, எந்தத் தெரு யாருக்குப் போட்டுச்சுன்னு கண்டுபிடிக்க முடியாது. மெஷின் வந்த அப்புறம் ஒவ்வொரு மெஷினையும் தனித்தனியா எண்ணுறாங்க, அந்தக் கணக்கு படிவம் 20-ன்னு இணையத்துலயே வந்துருது. தனியாளு ஓட்டு ரகசியம்தான், ஆனா தெரு ஓட்டு அம்பலம். சின்ன ஊருல ஒரு தெருன்னா ஒரு சாதி, ஒரு சொந்தம், அப்புறம் எங்க ரகசியம்? இத சரி பண்ண பதினாலு மெஷின் ஓட்ட ஒண்ணா கூட்டிக் காட்டுற டோட்டலைசர்னு ஒரு கருவிய தேர்தல் ஆணையம் 2008-லயே கேட்டுச்சு. 2015-ல சட்ட ஆணையமும் கொண்டு வரணும்னு சொல்லுச்சு. மத்திய அரசு ஒத்துக்கல. எந்தப் பகுதியில நல்லா ஓட்டு விழுந்துச்சு, எங்க இன்னும் வேலை செய்யணும்னு கட்சிகளுக்குத் தெரிய பூத் கணக்கு உதவும்னு ஒரு காரணம் சொன்னாங்க. அந்த "வேலை செய்யிறது" எப்படி இருக்கும்னு எங்க அத்தைகிட்ட கேளுங்க. 2019-ல உத்தரப் பிரதேசத்து சுல்தான்பூர்ல பாஜக வேட்பாளரா நின்ன மேனகா காந்தி மேடையிலயே சொன்னாங்க, எங்களுக்கு விழுந்த ஓட்டு சதவீதத்த வச்சு ஊர்கள ஏ, பி, சி, டி-ன்னு பிரிச்சு அந்த வரிசையிலதான் வேலை நடக்கும்னு. தேர்தல் ஆணையம் கண்டிச்சுச்சு. அவங்க வாய் விட்டு சொன்னாங்க, நம்ம ஊருல சொல்லாம செய்யிறாங்க, அவ்ளோதான் வித்தியாசம்.

இதுக்கு மேல பொய் வேற. "உள்ள கேமரா இருக்கு, நீ எந்த பட்டன அமுக்குறன்னு தெரிஞ்சிரும்"னு வயசானவங்ககிட்ட சொல்லி வைக்கிறாங்க. பூத்துல கேமரா இருக்குறது நெசந்தான், ஆனா ஓட்டு போடுற தட்டிக்குள்ள அது பாக்காது. விவிபேட்ல, அதான் போட்ட சின்னத்த சீட்டுல காட்டுற பெட்டியில, சின்னம் ஏழு செகண்டு தெரியும், அதுவும் போடுறவங்களுக்கு மட்டும். ஆனா படிப்பில்லாத ஒரு அம்மாவுக்கு கண்ணாடிக்குள்ள சின்னம் எரியறத பாத்தா என்ன தோணும்? அவன் சொன்னது சரிதான் போலன்னுதான் தோணும். பாதி உண்மை கலந்த பொய்தான் ஜனத்த ரொம்ப நாள் கட்டிப்போடுது.

ஓட்டுக்குக் காசு குடுத்ததா பெருசா பேசப்பட்ட திருமங்கலம் இடைத்தேர்தல் 2009-ல இருந்து நம்ம எல்லாரும் எவ்ளோ குடுத்தாங்கன்னு தொகையதான் பேசுறோம். ஓட்டுக்குக் காசு குடுத்த புகார்ல 2016-ல அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல நிறுத்துனாங்க, 2017-ல ஆர்.கே.நகர், 2019-ல வேலூர். வேலூர்ல 11 கோடிக்கு மேல பிடிபட்டுச்சுல்ல, அந்தக் கட்டுகள்ல வார்டு வாரியா எழுதி வச்சிருந்தாங்க. ஞாபகம் இருக்கா? எனக்கு கோடிய விட அந்த எழுத்துதான் பயமா இருந்துச்சு. உன் வீடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்னு அதுக்கு அர்த்தம்.

சட்டப்படி குடுக்குறவனும் குத்தவாளி, வாங்குறவங்களும் குத்தவாளி, ஒரு வருசம் வரைக்கும் ஜெயிலு. குடுக்குறவன் என்னைக்காவது உள்ள போயி நீங்க பாத்திருக்கீங்களா? அத்தை மாதிரி ஆளுங்கதான் புகார் குடுத்தா நாமளும் மாட்டுவோம்னு பயந்து வாய மூடிக்கிறாங்க.

பூத் கமிட்டியில இருக்குற தம்பிங்க, ரெண்டு பக்கமும், என் பிரெண்ட் லிஸ்ட்ல நிறைய பேர் இருக்கீங்க. உங்க தலைமைகிட்ட டோட்டலைசர் கேளுங்கன்னு சொன்னா சிரிப்பீங்க, தெரியும், ஆனாலும் கேக்குறேன். அது வர்ற வரைக்கும் உங்களால முடிஞ்ச ஒண்ணு இருக்கு. அடுத்த தடவ லிஸ்ட்ட எடுத்துட்டுப் போறப்ப ஏதாவது ஒரு அம்மா "வேணாம்ப்பா"ன்னு சொன்னா, பேனாவ மூடி பாக்கெட்ல வச்சுட்டு அடுத்த வீட்டுக்குப் போங்க. அந்த சுழிய போடாதீங்க.