மரவள்ளியை வேகவைத்தால் மட்டும் போதுமா?
மரவள்ளிக்கிழங்கை வேகவைத்துவிட்டால் சயனைடு அச்சமே வேண்டாம் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது பாதி உண்மைதான். கிழங்கிலுள்ள லினமரின் என்ற சயனைடு சேர்மம், திசு நசுங்கித் தன் நொதியோடு கலந்த பிறகே ஹைட்ரஜன் சயனைடை வெளியிடுகிறது. முழுக்கிழங்கைக் கொதிநீரில் போட்டால் நொதி முதலில் செயலிழந்து, லினமரினில் கணிசமான பங்கு உள்ளேயே தங்கிவிடுகிறது. தண்டையார்பேட்டையில் எங்கள் ஆயா, மண்தோலுக்கு அடியில் ஒட்டியிருக்கும் தடித்த தோலையும் கத்தியால் கீறி உரித்து, சிறு துண்டுகளாக நறுக்கி ஊறவைத்து, மூடாமல் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுவார். குக்கரில் பெரிய துண்டங்களாக வைக்கும் நாங்கள்தான் அதைக் கைவிட்டோம். கசந்தால் வெல்லம் சேர்க்கலாம் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர் எழுதியிருப்பது ஆபத்தான யோசனை, ஏனெனில் வெல்லம் கசப்பை மறைக்குமே தவிர சயனைடை நீக்காது. கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கும் குறைவான சயனைடு உள்ளதைத்தான் இனிப்பு வகை என்கிறார்கள். கசப்பு வகைகள் அதைப் பல மடங்கு தாண்டக்கூடும்.