டெஸ்ட்ல மாட்டலன்னா சுத்தம்னு அர்த்தமில்ல

மேல ஒருத்தர் "டோப் டெஸ்ட்ல (ஊக்கமருந்து சோதனைல) ஒரு தடவகூட மாட்டாதவன் சுத்தமானவன்தான்"னு போட்டிருக்கார், தப்புங்க. அமெரிக்க சைக்கிள் ரேஸ் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் வருஷக்கணக்கா ஓட்டுன டயலாக்கே இதுதான். 1999 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ்ல ஸ்டீராய்டு தடயம் கெடச்சப்போ, சைக்கிள் சீட்ல உக்காந்து வந்த புண்ணுக்குப் போட்ட க்ரீம்னு முன்தேதி போட்ட மருந்துச்சீட்டக் காட்டித் தப்பிச்சாரு (புண்ணு, நம்புவோம்!). ரத்தத்துல சிவப்பணுவ ஏத்துற ஈபிஓங்கிற மருந்த நைட்ல கொஞ்சூண்டு நரம்புல ஏத்திக்கிட்டா காலைல டெஸ்ட்ல தெரியாமப் போக நெறைய சான்ஸ், தன்னோட ரத்தத்தையே எடுத்து வச்சு திரும்ப ஏத்துனா அதுக்கு அப்போ நேரடி டெஸ்டே கெடையாது. 2012ல அவரோட 7 டூர் டி பிரான்ஸ் பட்டமும் பறிபோனதுக்கு முக்கிய காரணம் லேப் ரிப்போர்ட் இல்ல, கூட ஓட்டுன 11 டீம்மேட்ஸ் வாயத் தொறந்தது. 2013 ஜனவரில டிவில அவரே ஒத்துக்கிட்டாரு.