ஒரு ஜெர்சி இரண்டு சீசனாவது இருக்கட்டும்

போன வாரம் மகனுக்குக் காலணி வாங்க சிங்கப்பூரின் குவீன்ஸ்வே கடைத்தொகுதிக்குப் போனோம். போன வேலை முடிந்தது, ஆனால் ஜெர்சிகள் தொங்கிய ஒரு கடை வாசலில் நின்றவன் நகரவே இல்லை. இங்கிலாந்துக் காற்பந்துக் குழுவான லிவர்பூலின் புது ஜெர்சி. பெயரும் எண்ணும் அச்சிட்டால் 130 வெள்ளிக்கு மேல் ஆகும் என்றார்கள். "போன வருஷம்தானே வாங்கினோம்?" என்றேன். "அது நைக்கிப்பா, இப்ப அடிடாஸ்" என்றான். பதினோரு வயதுப் பையன், சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எங்கள் புளோக்குக்குக் கீழே பந்து விளையாடும் பையன்கள் அவன் ஜெர்சியைப் பார்த்து "போன சீசன்" என்று கூப்பிடுகிறார்களாம். வீடு திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில்தான் இதைச் சொன்னான். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

என் அலமாரியில் ஒரு ஜெர்சி இருக்கிறது. ரீபோக் தயாரித்தது, நெஞ்சில் விளம்பரதாரர் கார்ல்ஸ்பெர்க்கின் பெயர், முதுகில் அப்போதைய அணித்தலைவர் ஜெரார்டின் எண் 8. அண்ணன் தேசிய சேவையில் இருந்தபோது படிக்காசில் மிச்சம்பிடித்து வாங்கியது. 2005 மே 26 விடியற்காலை 2.45 மணிக்கு இஸ்தான்புல்லில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் தொடங்கியபோது அவன் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லிவர்பூல் மிலானிடம் மூன்று கோல் வாங்கி, இடைவேளையில் அம்மா எழுந்து வந்து "போய்ப் படுங்கடா" என்று சத்தம் போட்டு, அப்புறம் ஆறே நிமிடத்தில் மூன்று கோலையும் திருப்பியபோது அண்ணன் அந்த ஜெர்சியின் கழுத்தைக் கடித்துக்கொண்டுதான் கத்தலை அடக்கினான், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. பல் பட்ட இடத்தில் நூல் பிரிந்தது இன்னும் அப்படியே இருக்கிறது. 8-இன் ஓரம் காய்ந்த சருகு மாதிரி வெடித்து உரிகிறது.

அந்த ஜெர்சியை லிவர்பூல் 2004 முதல் 2006 வரை இரண்டு சீசன் வைத்திருந்தது. மறு வருஷம் வெஸ்ட் ஹாமுக்கு எதிரான எஃப்ஏ கிண்ண இறுதியில், ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஜெரார்ட் தொலைவிலிருந்து அடித்தாரே ஒரு கோல், அதையும் அண்ணன் அதே ஜெர்சியில்தான் பார்த்தான். அப்போது அதுதான் வழக்கம். மூன்று கிண்ணம் வென்ற சீசனில் போட்ட ஜெர்சியை மேன்செஸ்டர் யுனைடெட்டும் மறு சீசனும் போட்டது. வாங்கியவன் இரண்டு வருஷம் நிம்மதியாகப் போட்டான். அது தம்பிக்கு வந்து சேரவும் நேரம் இருந்தது.

இப்போது வருஷத்துக்கு மூன்று. சொந்தத் திடலுக்கு ஒன்று, வெளியூருக்கு ஒன்று, எதற்கென்றே புரியாத மூன்றாவது ஒன்று. காரணம் தெரியாமல் இல்லை. மேன்செஸ்டர் யுனைடெட்டுக்கு 2015 முதல் பத்து வருஷத்துக்குக் குறைந்தது 750 மில்லியன் பவுண்டு தருவதாக அடிடாஸ் ஒப்பந்தம் போட்டது. அவ்வளவு பணம் கொடுத்தவன் அதை எங்கிருந்து எடுப்பான்? இங்கிலாந்தில் அரங்கத்துக்குப் போகிறவர்களிடம் மட்டும் எடுக்க முடியாது. சனிக்கிழமை இரவு பத்து, பதினோரு மணிக்குக் காப்பி போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்காரும் நம்மிடமும்தான் எடுப்பான். லிவர்பூலின் ஆன்ஃபீல்டு அரங்கத்தை ஒருமுறைகூட நேரில் பார்க்காத குடும்பம் நாங்கள். எங்களுக்கும் அந்தக் குழுவுக்கும் கையில் பிடித்துப் பார்க்க இருக்கிற ஒரே உறவு இந்தத் துணிதான்.

"பிடிக்காவிட்டால் வாங்காதே" என்று சிலர் சொல்வார்கள். பெரியவர்களுக்கு அது சரி. பதினோரு வயதுக்காரனிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் வளர்வதால் எப்படியும் புதுசு வேண்டும் என்பதும் பாதிதான் உண்மை. சென்ற வருஷத்து ஜெர்சியை ஒரு அளவு பெரிதாகத்தான் வாங்கினேன், இன்னும் தொளதொளவென்றுதான் இருக்கிறது.

முடியாத காரியமும் இல்லை. பிரென்ட்ஃபோர்ட் குழு முதன்முறையாக இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்குக்கு ஏறி வந்த 2021-22 சீசனின் ஜெர்சியையே மறு சீசனுக்கும் வைத்துக்கொள்வதாக அறிவித்தது. ரசிகர்களின் செலவு குறையும், சுற்றுச்சூழலுக்கும் நல்லது என்றார்கள். ஜெர்சித் துணியான பாலியெஸ்டர் பிளாஸ்டிக்தானே. அந்த லீக்கில் சின்னக் குழு அது. வருமானத்துக்கு அவர்களுக்கு இல்லாத தேவையா லிவர்பூலுக்கு இருக்கிறது?

சொந்தத் திடல் ஜெர்சியை மட்டுமாவது இரண்டு சீசன் வையுங்கள். மற்ற இரண்டை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

இந்த சீசன் வாங்குவதில்லை என்று மகனிடம் சொல்லிவிட்டேன், ஏன் என்றும் உட்காரவைத்துச் சொன்னேன். முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் நேற்று இரவு அலமாரியைத் திறந்து, "பெரியப்பா ஜெர்சி எனக்கு எப்பப்பா சரியா இருக்கும்?" என்று கேட்டான். போட்டுப் பார்த்தான். முட்டிக்கு இரண்டு விரல்கடை மேலே நின்றது.