விரல் நீள வயருக்கு மூன்று கராஜ்

நிலாவெளியிலிருந்து மீன் பெட்டி ஏற்றிக்கொண்டு திருகோணமலை டவுனுக்கு வரும்போது, உப்புவெளி தாண்டுவதற்குள் பிக்கப் நின்றுவிட்டது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, பெற்றோல் இருக்கிறது, பிளக்கைக் கழற்றி எஞ்சினில் முட்டவைத்துப் பார்த்தால் தீப்பொறி இல்லை. பின்னால் ஐஸ் உருகி ரோட்டில் ஒழுகுகிறது. மச்சான் ஓட்டோ பிடித்து வந்துதான் மீனைக் காப்பாற்றினான்.

முதல் கராஜில் பொனட்டைத் திறந்த கையோடு தீர்ப்பு: "கொயில் போயிட்டுது அண்ணன்." பிளக்கில் பொறி பறக்க உயர் வோல்ட் தருகிற சுருள் அது. சரி, மாற்றினோம். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் அநுராதபுரச் சந்தியில், பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிக்க அடிக்க, திரும்பவும் செத்தது. இரண்டாவது கராஜில் நான்கு பிளக், பிளக் வயர், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி, ரோட்டர். மூன்றாவதில் கொண்டென்சரும், கொயிலின் கரண்டை விட்டுவிட்டு அறுக்கிற சுவிட்சான பொயின்ட்டும். அங்கே ஒரு பொடியன் பொயின்ட் இடைவெளியைக் கண்ணால் பார்த்தே வைத்தான். அரை மில்லிமீற்றர் கணக்கடா தம்பி, கேஜ் எங்கே என்றால், "பழக்கம் ஐயா" என்கிறான்!

மூன்று இடத்திலும் ஒரே சாட்டு: கடல் காற்று. எர்த் பிடித்த இடங்களை, அதாவது வயர் வண்டியின் இரும்போடு சேரும் இடங்களை, உப்புக் காற்று தின்னும்தான், மறுக்கவில்லை. அப்படியென்றால் அதையாவது சுரண்டிப் பார்த்தீர்களா?

ஒரு 12 வோல்ட் பல்ப், இரண்டு வயர். பழுதைப் பிடிக்க இவ்வளவுதான் வேண்டும். ஒரு வயரை எர்த்தில் பிடித்து, திறப்பைப் போட்டு, மற்றதைக் கொயிலின் பிளஸ்ஸில் வைத்தால் எரிய வேண்டும். எரியாவிட்டால் கரண்டே அங்கு வரவில்லை. எரிந்தால் மைனஸில் வைத்து எஞ்சினைச் சுற்ற வேண்டும். விட்டுவிட்டு மின்னினால் பொயின்ட் வேலை செய்கிறது. கொயில், மூடி, பிளக் என்று போகலாம். அணையாமல் எரிந்தால் பொயின்ட் பக்கம் எர்த் கிடைக்கவில்லை. ஐந்து நிமிட வேலை ஐயா இது! ஒருவர்கூடச் செய்யவில்லை.

கடைசியில் வீட்டு முற்றத்தில் நானே பிடித்துப் பார்த்தேன். பல்ப் அணையவே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பொயின்ட்டுக்குப் போகிற விரல் நீள வயர், உறை நல்லபடி இருக்க, உள்ளே செம்பு அறுந்து கிடந்தது. எஞ்சினின் வெக்யூம் இழுத்து, பொயின்ட் பூட்டிய தட்டு அசையும்போதெல்லாம் அந்த வயரும் வளைகிறது. எத்தனை வருடம்தான் தாங்கும்? முனைகள் தொட்டால் ஓடும், விலகினால் நிற்கும். ஒவ்வொரு கராஜும் வயரை இழுத்துப் பூட்டியபோது தற்செயலாகத் தொட்டிருக்கிறது. அதற்கு எங்களிடம் கூலி!

வண்டியைத் தள்ளிவிடு என்கிறான் மச்சான். 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியபிறகு வாகனம் விற்ற விலைக்கு, இதை விட்டால் நான் தள்ளுவண்டிதான்.

வயரை மாற்றி, பழைய கொயிலையே திரும்பப் பூட்டினேன். நேற்று குச்சவெளி போய் வந்தாயிற்று. புதுக் கொயிலைக் கொண்டுபோய் வாங்கிய கடையில் வைத்தால், கடைக்காரர் வாய் திறக்காமல் சுவரைக் காட்டுகிறார். "மின்சாரச் சாமான்கள் திருப்பி எடுக்கப்படமாட்டாது."